மீனின் தண்ணீரையும் சேர்த்து எழுதக் கோரி

அனுப்புநர்:
மூன்றாம் கட்டில் நோயாளியின் மகள்,
ஆண்கள் நெடுநாள் சிகிச்சைப் பிரிவு,
இரண்டாம் மாடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மருத்துவமனைகளின் உணவுப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: கடல் மீன் சத்து அட்டவணை – மீனின் நீர் கணக்கில் விடுபட்டமை – நோயாளிகளின் மீன் அளவு கால் பங்காகக் குறைந்தமை – திருத்தம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் தந்தைக்கு மட்டும் வெளியிலிருந்து மீன் கொண்டுவரத் தங்கள் அலுவலகம் வழங்கிய அனுமதிச் சீட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அனுமதிச் சீட்டுக்கு முதலில் நன்றி. கேட்ட அன்றே கிடைத்தது. அது ஏன் பயன்படவில்லை என்பதையும், அதற்குப் பதிலாக நான் கேட்பது என்ன என்பதையும் கீழே எழுதுகிறேன். புகார் என்று தலைப்பிட்டால்தான் பதிவுசெய்வார்கள் என்று முகப்பு மேசையில் சொன்னார்கள். ஆகவே இது புகார். ஆனால் யார் மீதும் அல்ல.

1. என் தந்தை ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்டார். அறுவை செய்து வைத்த தகடு நழுவிவிட்டது. மறுபடி அறுவை செய்ய வேண்டும். செய்தால் நடப்பார். ஆனால் படுத்தே கிடந்ததில் முதுகின் அடியில் ஒரு புண் வந்துவிட்டது. புண் மூடாமல் கத்தி வைக்க முடியாது என்கிறார் அறுவை மருத்துவர்.

2. வாரம் ஒருமுறை காகித அளவுகோல் வைத்து அந்தப் புண்ணை அளக்கிறார்கள். நான் கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கும் வேலை செய்கிறேன். சின்னச் சின்ன வித்தியாசங்களைப் பார்ப்பது என் பிழைப்பு. இந்தப் புண்ணில் நான் எந்த வித்தியாசத்தையும் பார்க்கவில்லை. மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். "மேல மருந்து போட்டு மூடற புண் இல்லம்மா இது. உள்ள இருந்து சதை வளரணும். சாப்பாடுதான் மருந்து" என்றார். மதிய உணவில் மீன் வழியாக இருபது கிராம் புரதம் என்று எழுதியும் வைத்திருக்கிறார். இந்தப் பிரிவில் எட்டுக் கட்டில்கள். எல்லோருக்கும் எலும்பு, அல்லது புண், அல்லது இரண்டும். எல்லோருக்கும் அதே இருபது.

3. மீன் வருகிறது. தவறாமல் வருகிறது. அளவு மட்டும் ஒரு தீப்பெட்டி.

4. இதை மிகைப்படுத்தவில்லை. வாத்தியார் என்று எல்லோரும் அழைக்கும் நான்காம் கட்டில்காரர், தம் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "விடைத்தாள் ஓரத்துல நான் போடற டிக் மார்க் இதவிடப் பெருசா இருக்கும்" என்றார். திருமணமான கையோடு தொடையெலும்பை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்ததால் மாப்பிள்ளை என்று பெயர் பெற்ற ஆறாம் கட்டில் இளைஞர், "பேசாதீங்க சார், மூச்சுக் காத்துல பறந்துடப் போகுது" என்றார். என் தந்தை என்னைப் பார்த்து, "ஏம்மா, இது மீனா, மீனோட பாஸ்போர்ட் போட்டோவா?" என்று கேட்டார். அறையே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் மீனும் முடிந்துவிட்டது.

5. அவர்கள் சிரிப்பதால் பசியில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். என் தந்தையின் கடிகாரம் முழங்கை வரை ஏறுகிறது. வாத்தியார் மோதிரத்தைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டார். தொலைந்துவிடும் என்று காரணம் சொன்னார்.

6. சமையற்கட்டைக் குறை சொல்ல வழியில்லை. அங்கே வேலை செய்யும் அம்மா, தராசில் காட்டிய எடைக்குத்தான் நறுக்குகிறார். "கத்திய இன்னொரு தடவ விட்டா தூள்தாம்மா மிஞ்சும். இப்படி நறுக்க எனக்கே வெக்கமா இருக்கு" என்றார். அவர் துண்டைச் சரிவாக நறுக்குகிறார். ஏன் என்று கேட்டேன். அப்படி நறுக்கினால் தட்டில் கொஞ்சம் பெரிதாகத் தெரியுமாம்.

7. உணவு ஆலோசகரையும் குறை சொல்ல வழியில்லை. நான்கு கட்டடங்களுக்கு அவர் ஒருவர். பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே எனக்கு விளக்கினார்: "பாறை மீன்ல நூறு கிராமுக்கு எண்பத்து மூணு கிராம் புரதம்னு அட்டவணை சொல்லுது. இருபது வேணும்னா இருபத்து நாலு கிராம் மீன் போதும். கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு அனுப்பிடுது. எனக்கும் பாக்கறதுக்குக் கம்மியாத்தான் இருக்கு. ஆனா தலைமை அலுவலகத்துல இருந்து வந்த நம்பர நான் எப்படி மாத்தறது?" மீனில் இவ்வளவு சத்து இருப்பதால், மீன் வரும் நாட்களில் முட்டையும் தேவையில்லை என்று கம்ப்யூட்டர் முட்டையை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். மீன் வாரத்தில் ஐந்து நாள்.

8. அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது அந்த எண்பத்து மூன்று என்னோடு வந்தது. நூற்றில் எண்பத்து மூன்று. ஒரு மீனுக்குள் வேறு எதற்குமே இடமில்லாத அளவு. அது எப்படி நீந்தியது?

9. ஆலோசகர் காட்டிய அட்டவணையின் அடியில் சோதனைக்கூடத்தின் பெயர் இருந்தது. விடுப்பு எடுத்துப் போனேன். நீண்ட மேசை, எடைக்கருவி, சுவரோரம் ஓர் உலர்த்தும் அடுப்பு. பரிசோதகர் ஒரு நடுத்தர வயதுப் பெண். என்னை யாரோ மாணவி என்று நினைத்து உள்ளே விட்டார். இல்லை, நோயாளியின் மகள் என்று சொன்ன பிறகும் வெளியே அனுப்பவில்லை.

10. அவர் செய்து காட்டியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மீனின் தோலையும் முள்ளையும் நீக்குகிறார்கள். சதையை அரைக்கிறார்கள். சின்னச் சின்னக் கிண்ணங்களில் எடை போட்டு அடுப்பில் வைக்கிறார்கள். எடை குறைவது நிற்கும் வரை வைக்கிறார்கள். குறைந்தது எல்லாம் தண்ணீர். மிஞ்சிய தூளில்தான் புரதம், கொழுப்பு, சாம்பல் என்று ஒவ்வொன்றாக அளக்கிறார்கள். அந்தத் தூளில் கொஞ்சம் என் உள்ளங்கையில் வைத்தார். வைக்கோல் நிறம். எடையே இல்லை. "இதுல நூறு கிராம் எடுத்தாத்தான் எண்பத்து மூணு. நீங்க கடையில வாங்கற மீன்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பங்கு தண்ணி. பச்ச மீன்ல புரதம் இருபதுதான் வரும்" என்றார்.

11. பிறகு ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டிருப்பேன். அவர் கோபப்படவில்லை. "தண்ணி ஒரு மீன்ல கூட இருக்கும், ஒரு மீன்ல கொறச்சு இருக்கும். சூரையையும் சாளையையும் பாறையையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்னா தண்ணிய எடுத்துட்டுத்தான் பாக்கணும். உலர்ந்த எடைக்குன்னு மேல எழுதித்தான்மா அனுப்பினோம்" என்றார். எழுதியிருந்ததையும் காட்டினார். எல்லா மீனுக்கும் மேலே, தலைப்பில், ஒரே ஒரு முறை. கம்ப்யூட்டருக்குள் ஏற்றியபோது மீன்கள் போயின, எண்கள் போயின. தலைப்பு போகவில்லை.

12. ஆக, நடந்தது இவ்வளவுதான். சோதனைக்கூடம் சரியாக அளந்தது. தங்கள் அலுவலகம் சரியாகப் பதிந்தது. கம்ப்யூட்டர் சரியாக வகுத்தது. ஆலோசகர் சரியாக அனுப்பினார். அந்த அம்மா சரியாக நறுக்கினார். இத்தனை பேரும் சரியாக இருந்து, ஐந்து கிராம் புரதம் தட்டுக்கு வருகிறது.

13. ஐயா, மீன் என்பது பெரும்பாலும் தண்ணீர். என் தந்தையும் அப்படித்தான். நானும், தாங்களும்கூட. எங்கள் யாரையும் உலர்த்தி எடை போடுவதில்லை. மீனை மட்டும் உலர்த்தி எடை போட்டுவிட்டு, ஈரமாகப் பரிமாறுகிறோம்.

14. இதைத் தெரிவிக்கத் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். தாங்கள் வெளியூர் போயிருந்தீர்கள். எழுத்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா அட்டவணைய மாத்தணும்னா குழு கூடணும். குழு கூடணும்னா தேதி வேணும். அதுக்குள்ள உங்க அப்பாவுக்கு மட்டும் ஒரு அனுமதி போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். எட்டுப் பேரின் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவள், ஒருவரின் அனுமதியோடு மாடிப்படி இறங்கினேன். அப்போது எனக்கு வேறு யாரும் நினைவில் இல்லை. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

15. மறுநாளே கொண்டுபோனேன். உப்பு மட்டும் போட்டு ஆவியில் வேகவைத்த மீன். முள் எடுத்தது. நல்ல பெரிய துண்டு. மூடியைத் திறந்தேன். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார். மாப்பிள்ளை போனைப் பார்த்தார். அந்த அளவுக்கு யாரும் பார்க்கவில்லை.

16. என் தந்தை டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தலையைத் தூக்கி, பேருந்தின் பின்படிக்கட்டு வரை கேட்கிற பழைய குரலில், "எல்லாரும் வாங்கியாச்சா? இன்னும் வாங்காதவங்க யாரு?" என்றார். பிறகு ஸ்பூனின் விளிம்பால் அந்தத் துண்டை எட்டாகப் பிரித்தார். நான்தான் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். "சில்லறைய அப்புறம் தரேன், மொதல்ல டிக்கெட்ட வாங்குங்க" என்று அவர் அதட்டினார். வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக அவர் மடியில் மிஞ்சியது ஒரு தீப்பெட்டி அளவு.

17. அடுத்த முறை நான் கண்டிப்பாக இருந்தேன். "அப்பா, இது உங்களுக்கு மட்டும். புண் ஆறணும். டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். "சரிம்மா" என்றார். ஒரு வாய் எடுத்தார். மென்றார். வெகுநேரம் மென்றார். பிறகு மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "ஏழு பேரு உக்காந்திருக்கறப்போ நான் மட்டும் எப்படிம்மா முழுங்கறது? தொண்டையிலயே நிக்குது" என்றார். டப்பா வாத்தியாரிடம் போனது.

18. அதற்கடுத்த முறை எட்டுப் பேருக்கும் சமைத்து எடுத்துப்போனேன். வாசல் காவலர் அனுமதிச் சீட்டைப் படித்தார். பாத்திரத்தைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் படித்தார். "ஒரு ஆளுக்குன்னு எழுதியிருக்கு. நீங்க பந்தி போடற மாதிரி கொண்டு வந்திருக்கீங்களே தங்கச்சி" என்றார். விதி விதிதான். ஒரு ஆளுக்கு உரியதை மட்டும் மேலே கொண்டுபோனேன். அது எட்டாகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். மீதியைக் காவலர் அறையில் வைத்துவிட்டு வந்தேன்.

19. வேறு வழிகளையும் யோசித்துவிட்டேன். திரை போடலாம் என்றார் செவிலியர். போட்டோம். திரைக்குள்ளிருந்து, "வாத்தியாரே, சாப்டீங்களா?" என்று குரல் மட்டும் வெளியே வந்தது. தனி அறைக்கு மாற்றலாமா என்று தந்தையிடம் கேட்டேன். "என்ன தப்பு பண்ணேன் நான்?" என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

20. எனவே தங்கள் முன் நான் வைக்கும் வாதம் இது. மருத்துவக் காரணங்களுக்காக என் தந்தை முழுத் துண்டு மீன் சாப்பிட வேண்டும். அந்த அறையில் எல்லோருக்கும் முழுத் துண்டு கிடைத்தால் ஒழிய அவர் சாப்பிட மாட்டார். அவரை மாற்றுவது என்னால் ஆகாது. என் அம்மா இருந்தவரை முயன்றார், அவராலும் ஆகவில்லை. அட்டவணையை மாற்றுவது தங்களால் ஆகும். இரண்டில் அதுவே எளிது.

21. ஆகவே பணிவுடன் வேண்டுவது:

அ) மீன் சத்து அட்டவணையை, கடையில் வாங்கும் ஈரமான மீனுக்கு உரியதாகத் திருத்த வேண்டும். பரிசோதகர், ஒவ்வொரு மீனிலும் எவ்வளவு தண்ணீர் என்பதையும் அளந்தே வைத்திருக்கிறார். கேட்டால் தருவதாகச் சொன்னார். இதுவரை யாரும் கேட்கவில்லையாம்.

ஆ) குழு கூடும் வரை காத்திராமல், மீனின் எடையை நான்கு மடங்காக்கும்படி சமையற்கட்டுக்கு ஒரு வரி எழுத வேண்டும். கத்தி அங்கே தயாராக இருக்கிறது.

இ) நிறுத்திய முட்டையைத் திரும்பத் தர வேண்டும்.

ஈ) இதன் பேரில் யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டாம். குறிப்பாக, சரிவாக நறுக்குகிறவரிடம்.

22. இத்துடன் ஒரு தனித்தாளில் எட்டுக் கையெழுத்துகள் உள்ளன. அவை பெறப்பட்ட விதத்தைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

முதலில் நான் எல்லோரிடமும் பொதுவாகக் கேட்டேன். அளவு போதவில்லை என்று எழுதுகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்றேன். ஒருவரும் போடவில்லை. மாப்பிள்ளை, "சின்ன வயசுக்காரன் நான், எனக்கு இது போதும்க்கா" என்றார். வாத்தியார், "எனக்கென்னம்மா குறைச்சல்? இந்த வயசுல இதுவே ஜீரணமாகறதில்ல" என்றார். என் தந்தை, "சோத்துக்கு மனு போட்டான்னு என் பேரு எங்கயும் வரக் கூடாது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். திரும்பிப் படுக்க அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் வேறு விதமாகக் கேட்டேன். வாத்தியாரிடம், அப்பாவுக்காக என்று சொன்னேன். "கண்டக்டருக்கா? குடு, குடு. அந்த மனுஷன் சாப்பிடறதே இல்லம்மா. எல்லாத்தையும் எனக்குத் தள்ளி விட்டுடறார்" என்று வாங்கிப் போட்டார். மனுவையும் கொடுத்தால் பிழை திருத்தித் தருவதாகச் சொன்னார். இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று சமாளித்தேன். என் தந்தையிடம், வாத்தியாருக்காக என்றேன். "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?" என்று என்னையே கோபித்துக்கொண்டார். மாப்பிள்ளையிடம், பக்கத்துக் கட்டில் பெரியவருக்காக என்றேன். இரண்டு கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டார். அந்தப் பெரியவரிடம், மாப்பிள்ளைக்காக என்றேன். "பாவம், அவன் பொண்டாட்டி தெனமும் வந்து அவன் கையப் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்குது" என்று சொல்லி, கை நடுங்குவதால் பெருவிரலை வைத்தார். மற்ற நால்வரும் இப்படியே.

எட்டுப் பேரும் கையெழுத்திட்டுள்ளார்கள். யாரும் தனக்காக இல்லை.

ஆகையால் தாங்கள் உத்தரவு அனுப்பும்போது, இன்னாருக்காக என்று குறிப்பிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அறையில் அதைச் சத்தமாகப் படிப்பார்கள். "எட்டுக் கட்டில்களுக்கும்" என்று மட்டும் இருந்தால், எட்டுப் பேரும் சாப்பிடுவார்கள்.

இடம்: இரண்டாம் மாடி, பார்வையாளர் பெஞ்சு
நாள்: வியாழக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பின்

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மூன்றாம் கட்டில் நோயாளியின் மகள்

இணைப்பு:
1. எட்டுக் கையெழுத்துகள் கொண்ட தனித்தாள். இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.
2. ஒருவருக்கு மட்டுமான அனுமதிச் சீட்டு. இதைத் திருப்பி அளிக்கிறேன்.